கொழும்பில் வளர்ந்த குரல்: ஜே.பி. சந்திரபாபு

ஜே.பி. சந்திரபாபுவைச் சிலர் தூத்துக்குடிக்காரர் என்பார்கள், சிலர் சென்னைக்காரர் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அவருடைய காது திறந்த இடம் கொழும்பு. அவர் அங்கே வளர்ந்ததற்குக் காரணம், அவருடைய தகப்பனைச் சொந்த ஊரில் இருக்க விடாமல் செய்த அரசியல்.

அவர் 1927 ஓகஸ்ட்டில் தூத்துக்குடியில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகேஸ். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரான முத்துக்குளித்துறைப் பரதவர் சமூகத்தின் பெயர் அது. தகப்பன் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். 1929இல் வெள்ளைக்கார அரசு அவரைச் சிறையில் அடைத்து, பின்னர் இலங்கைக்கு அனுப்பியது. குடும்பமும் கடல் கடந்தது.

பையன் கொழும்புக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் படித்தான். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இலேயே தொடங்கியிருந்தது. துறைமுகத்தில் இறங்கும் இசைத்தட்டுகள், தேவாலயப் பாடல்கள், பறங்கியர் வீட்டு விருந்துகள், போர்த்துக்கேய வேர் கொண்ட பைலா என்று பல இசைகள் அந்த நகரத்தில் ஒன்றாகக் கேட்டன. 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியபோது அவனுக்கு வயது பதினாறு. மேற்கத்திய பாட்டும் ஆட்டமும் அதற்குள் அவன் உடம்பில் ஊறியிருந்தன.

சென்னை உடனே கதவைத் திறக்கவில்லை. 1947இல் 'தன அமராவதி' படத்தில் முகம் காட்டியும் வாய்ப்புகள் வரவில்லை. 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் மனமுடைந்து உயிரை விடத் துணிந்தார். பிழைத்தார். அதே ஜெமினியின் எஸ்.எஸ்.வாசன் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் தமிழ்ப் பாட்டில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. அல்ப்ஸ் மலை இடையர்கள் தொண்டையைச் சட்டென்று உடைத்துக் கீழிருந்து மேலே தாவவிடும் யோடலிங் பாணியை அவர் தமிழ்ச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். நகைச்சுவை நடிகராக இருந்தும் தன் பாட்டைத் தானே பாடினார். 'புதையல்' (1957) படத்தில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் பாடினார். 'மரகதம்' (1959) படத்தில் ஜமுனாராணியுடன் அவர் பாடிய காதல் பாட்டுக்கு எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. காதலைக் குறும்பாகவும் ஏக்கமாகவும் ஒரே மூச்சில் பாட அவரால் முடிந்தது. 'சகோதரி', 'கவலை இல்லாத மனிதன்', 'அன்னை' படங்களில் அதே குரல் வாழ்க்கையின் கசப்பைச் சிரித்துக்கொண்டே சொன்னது.

அந்தக் கசப்பு அவருடைய வாழ்க்கையிலும் இருந்தது. 1958இல் செய்துகொண்ட திருமணம் விரைவிலேயே முறிந்தது. எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' முடியாமல் நின்றுபோய், அவரைக் கடனில் தள்ளியது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார். அதுவும் கைகொடுக்கவில்லை. குடி அவரை விடவில்லை. 1974 மார்ச் 8ஆம் திகதி, 46 வயதில், கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார்.

இரத்தோட்டையில் இருந்துகொண்டு இந்த வாழ்க்கையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. மன்னாரில் இறங்கிய எங்கள் முன்னோர் காட்டுவழியாக நடந்து மலையேறிய பாதை மாத்தளைக்குத்தான் வந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் தலைமன்னார் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு பலர் வன்னிக்குப் போனார்கள். என் தாய்வழிச் சொந்தங்களும் அப்படிப் போனவர்கள். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு அவர்களில் சிலர் இங்கே திரும்பினார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் வன்னிப் பேச்சைத் தோட்டத்தில் சிலர் கேலி செய்ததை நானே கேட்டிருக்கிறேன். அங்கே இவர்கள் தோட்டக்காட்டார், இங்கே வன்னியார். தமிழக முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கும், ஐரோப்பாவில் வளரும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். நீ பேசுவது நம் பேச்சல்ல, நீ பாடுவது நம் பாட்டல்ல என்று சொல்லிவிடுகிறோம்.

சந்திரபாபுவின் பாட்டும் ஒரு காலத்தில் அந்நியச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். இன்று அது தமிழ்ப் பாட்டு. லயத்து வீட்டுக் கைத்தொலைபேசியிலும் கனடாக் கல்யாண வீட்டிலும் ஒலிக்கிறது. தகப்பனைத் துரத்திய அரசியல், மகனுக்குக் கொழும்பின் காதைக் கொடுத்தது. துரத்தியவர்களுக்கு அதற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போன இடத்தில் பிள்ளை கற்றுக்கொண்டதைக் குறை என்று ஒதுக்காமல் இருந்தால், தமிழுக்கு இன்னும் சில குரல்கள் கிடைக்கும்.