ஜூடோக் கலை கண்ட ஆசான்

ஜப்பான் நாட்டில் கோபே என்னும் துறைமுக நகரை அடுத்து மிக்காகே என்றோர் ஊர் இருந்தது. அரிசியிலிருந்து வடிக்கும் மதுவுக்கு அவ்வூர் பெயர் பெற்றது. அத்தொழிலால் செல்வாக்குற்று விளங்கிய குடும்பமொன்றில் 1860ஆம் ஆண்டில் ஜிகோரோ கானோ பிறந்தார். ஒன்பதாம் வயதளவில் அன்னையை இழந்தார். அரசாங்க அலுவலில் இருந்த தந்தையார் மகனைத் தலைநகராகிய டோக்கியோவுக்கு அழைத்துச் சென்று கல்வியில் ஈடுபடுத்தினார். பழஞ்சீன நூல்களும் ஆங்கிலமும் அச்சிறுவருக்கு எளிதில் கைவந்தன. அறிவில் சிறந்து நின்ற அவருக்கு உடல்வளம் மட்டும் வாய்க்கவில்லை. வளர்ந்து முடிந்த பின்னும் அவர் உயரம் 5 அடி 2 அங்குலமே. இளமையில் எடை நூறு பவுண்டையும் எட்டவில்லை.

1874ஆம் ஆண்டில் அவர் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆங்கிலமும் ஜெர்மானிய மொழியும் கற்பிக்கப்பட்ட இடம் அது. பாடங்களில் முதன்மை பெற்ற மெலிந்த சிறுவனைக் கண்டு, உடல் வலிமையே பெரிதெனக் கொண்டிருந்த மாணவர் சிலர் எள்ளினர், அடிக்கவும் செய்தனர். எதிர்த்து நிற்க இயலாமல் கானோ உள்ளங் குமைந்தார். மெலியவனும் வலியவனை வீழ்த்துதற்கு உதவும் ‘ஜூஜுத்ஸு’ என்னும் மற்கலை ஒன்று பண்டு தொட்டு வழங்கி வந்ததை அவர் கேள்வியுற்றிருந்தார். அதனைக் கற்றே தீர்வது என அன்றே உறுதி பூண்டார்.

உறுதி பூண்டது எளிது. கற்பிப்பாரைக் காண்பது அரிதாயிற்று. அவர் இல்லத்துக்கு வந்து போகும் முன்னாள் வீரர் ஒருவர் அக்கலையை அறிந்தவர். கானோ அவரைப் பலமுறை இரந்து கேட்டார். இக்காலத்தில் அது எவர்க்கும் வேண்டுவதன்று என்று கூறி அவர் மறுத்துவிட்டார். தந்தையாரும் இசையவில்லை.

அவர்கள் மறுத்ததற்கும் காரணம் உண்டு. 1868ஆம் ஆண்டில் ஜப்பானில் படைத்தலைவர் ஆட்சி ஒழிந்து, பேரரசரைத் தலைமையாகக் கொண்ட புதிய அரசு அமைந்தது. வாளேந்திய மறவர் குடியினர் தம் தனியுரிமைகளை இழந்தனர். 1876ஆம் ஆண்டில் பொது இடங்களில் வாள் தரித்தலும் தடை செய்யப்பட்டது. மேலை நாட்டுக் கல்வி, மேலை நாட்டு உடை, மேலை நாட்டுப் பொறி என்று நாடு முழுதும் புதுமையை நாடி ஓடிய காலம் அது. பழைய போர்க்கலைகள் பயனற்ற குப்பையெனத் தள்ளப்பட்டன. ஆசான்மார் சிலர் வயிறு வளர்க்கக் காசு பெற்றுக் கூட்டத்தார்முன் வித்தை காட்டும் நிலைக்குத் தாழ்ந்தனர். நாடு கைகழுவிய ஒன்றை அந்நாட்டின் மிகச் சிறந்த கல்வியைப் பெறும் மாணவன் தேடி அலைந்தான் என்பது வியப்பன்றோ?

1877ஆம் ஆண்டில் கானோ டோக்கியோப் பல்கலைக்கழக மாணவரானார். அப்பொழுது அவருக்கு ஒரு நல்ல சூழ்ச்சி தோன்றிற்று. மற்போர் பயில்வோர்க்கு எலும்பு முறிதலும் மூட்டுப் பிசகுதலும் இயல்பு; ஆதலால் அக்கலை வல்லாருள் பலர் எலும்பு கட்டும் வைத்தியராகவும் இருந்தனர். கலையை இழந்தாரும் வைத்தியத்தைக் கொண்டு பிழைத்திருப்பர் என்று எண்ணிய அவர், நகரில் எலும்பு கட்டுவோர் பெயர்ப்பலகை தொங்கும் இடமெல்லாம் நுழைந்து வினவலானார். பலர் நகைத்து அனுப்பினர். இறுதியில் முதியவர் ஒருவர், தம்மோடு அக்கலை பயின்ற ஃபுக்குதா ஹாச்சினோசுக்கே என்பவரிடம் செல்லுமாறு வழிகாட்டினார். அவரும் எலும்பு கட்டும் வைத்தியரே. தம் இல்லத்தில் பத்துப் பாய் அளவேயுள்ள சிறு கூடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கர்க்கு அவர் ‘தெஞ்சின் ஷின்யோ’ என்னும் மரபின்படி மற்கலை பயிற்றி வந்தார்.

ஃபுக்குதா விளக்கிச் சொல்லும் ஆசிரியர் அல்லர். ஒரு நாள் அவர் கானோவை ஒரு பிடியால் தூக்கி எறிந்தார். கானோ எழுந்து, கையை எங்ஙனம் வைத்தல் வேண்டும், காலை எங்ஙனம் ஊன்றுதல் வேண்டும் என்று வினவினார். ஆசிரியர் மறுமொழி கூறாது, மீண்டும் வருமாறு பணித்து மீண்டும் எறிந்தார். மூன்றாம் முறை வினவியபொழுதும் அதுவே நிகழ்ந்தது. விழுந்து விழுந்தே கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நூல் பயின்ற மாணவர்க்கு இம்முறை முதலில் கசந்திருக்கும். எனினும் கானோ ஒரு நாளும் தவறாது சென்றார். உடலெங்கும் சிராய்ப்பும் வீக்கமும் கொண்டு, களிம்பு நாற்றத்துடன் வகுப்பில் அமர்ந்திருந்த அவரைக் கண்டு உடன் பயின்றோர் நகையாடினர். கிழிந்து கிழிந்து தைக்கப்பட்ட அவருடைய பயிற்சிச் சட்டை பிற்காலத்தில் நினைவுப் பொருளாகப் பேணி வைக்கப்பட்டது.

அக்கூடத்தில் பெருத்த உடலினராகிய மாணாக்கர் ஒருவர் இருந்தார். கானோ எத்துணை முயன்றும் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ என்னும் ஜப்பானிய மற்போரில் வல்லாரைக் கேட்டு, அவர்கள் சொன்ன பிடிகளை முயன்றார், பயனில்லை. பின்னர் நூலகம் சென்று மேலை நாட்டு மற்போர் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிரியின் கீழ் நுழைந்து, அவனைத் தோள்களின் குறுக்கே ஏந்திப் புரட்டி எறியும் ஒரு முறையை அங்கே கண்டார். சில நாள் அதனைப் பழகிய பின் அம்மலை போன்ற மனிதரைக் கூடத்தின் நடுவே வீழ்த்தினார். ஆசிரியர் விளக்காததை நூலிலும், நூலில் இல்லாததைப் பாயிலும் தேடிய இந்த இயல்புதான் கானோவைப் பிற மல்லரினின்றும் வேறுபடுத்திற்று எனலாம்.

1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டின் முன்னாள் தலைவர் கிராண்ட் ஜப்பானுக்கு வந்திருந்தபொழுது, அவர்முன் ஃபுக்குதாவும் கானோவும் பிறரும் மற்கலையைக் காட்டினர். அதன்பின் சில நாட்களிலேயே ஃபுக்குதா நோயுற்று இறந்தார். கலை ஏடுகளை அவர் குடும்பத்தார் கானோவிடமே ஒப்புவித்தனர். கானோ பின்னர் அதே மரபைச் சார்ந்த இசோ மசத்தோமோ என்னும் முதியவரிடம் பயின்றார். 1881ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார். மூன்றாவதாகக் கானோ அடைந்த ஆசிரியர் ஈக்குபோ என்பவர். அவர் ‘கித்தோ’ என்னும் வேறொரு மரபினர். முன்னைய மரபு பிடித்து அமுக்குதலிலும் கழுத்தை நெரித்தலிலும் சிறந்தது. இதுவோ நின்றபடியே எறிதலில் சிறந்தது. ஒரு மரபில் நின்றவர் மற்றொன்றைத் தாழ்த்திப் பேசுவதே அந்நாள் வழக்கம். கானோ இரண்டிலும் கொள்ளத்தக்கது எது என்று ஆராய்ந்தார்.

இதற்குள் அவரிடத்து ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. இளமையில் அவர் எளிதில் சினங்கொள்பவர். தம்மை அடித்தாரை அடக்க வேண்டும் என்றே இக்கலையை நாடியவர். சில ஆண்டுப் பயிற்சியால் உடல் திண்மையுற்றது, சினமும் அடங்கிற்று. அடிக்க வல்லமை வந்தபின் அடிக்கும் வேட்கை அகன்றது. உடலையும் உள்ளத்தையும் இங்ஙனம் திருத்த வல்ல ஒன்றைத் தெருவில் சண்டையிடுவார் கையிலும் காசுக்கு வித்தை காட்டுவார் கையிலும் விட்டுவிடலாகாது என அவர் துணிந்தார்.

1882ஆம் ஆண்டில் டோக்கியோவின் ஷித்தாயாப் பகுதியிலுள்ள எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில் அவர் தம் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டும் நிரம்பவில்லை. முதலாண்டில் சேர்ந்தோர் ஒன்பதின்மரே. அவர்களிடம் அவர் ஊதியம் பெறவில்லை. பயிற்சி உடையும் தாமே வாங்கித் தந்தார். பகலில் உயர்குடிப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் ஆசிரியப் பணி, இரவில் மொழிபெயர்ப்பு வேலை ஆகியவற்றால் வந்த பொருளைக் கொண்டே கூடம் நடந்தது. மாணாக்கர் விழுந்து எழும் அதிர்ச்சியில் கோயிலின் தரைச்சட்டங்கள் தளர்ந்தன. கோயிலில் வைத்திருந்த நினைவுப் பலகைகள் ஆடின. கோயில் துறவியார் முகஞ்சுளித்தார். இரவில் கையில் விளக்குடன் தரைக்கடியில் ஊர்ந்து சென்று, முறிந்த சட்டங்களுக்குக் கானோ முட்டுக் கொடுத்ததும் உண்டு.

தம் கலைக்கு அவர் ‘ஜூடோ’ என்று பெயரிட்டார். ‘ஜூ’ என்பது மென்மை, இணங்கிக் கொடுத்தல் எனப் பொருள்படும். பழைய பெயரிலிருந்த ‘ஜுத்ஸு’ என்பது வெறுந் தொழில்திறனைக் குறிக்கும். ‘டோ’ என்பதோ நெறி. ஓர் எழுத்தையே அவர் மாற்றினார்; அம்மாற்றத்துள் அவர் கருத்து முழுதும் அடங்கியிருந்தது. கூடத்துக்குக் ‘கோடோக்கன்’, அஃதாவது நெறியை ஆராய்ந்து பயிலும் மன்றம், என்பது பெயர்.

ஈக்குபோ அங்கும் வந்து அவருக்குப் பயிற்சி தந்து கொண்டிருந்தார். வழக்கமாக அவரே கானோவை எறிவார். ஒரு நாள் கானோ அவரை அடுத்தடுத்து எறிந்தார்; தாம் ஒரு முறையும் எறியப்படவில்லை. வியப்புற்ற ஆசிரியர் காரணம் வினவினார். மனிதனைத் தள்ளினால் அவன் எதிர்த்துத் தள்ளுவான்; இழுத்தால் பின்னோக்கி இழுப்பான்; அந்நொடியில் அவன் உடல் தன் நிலை குலைகிறது; அங்ஙனம் குலைத்த பின்பே எறிதல் வேண்டும் என்று தாம் கண்ட உண்மையைக் கானோ உரைத்தார். இதற்குமேல் உமக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று ஒப்பிய ஆசிரியர், தம் மரபின் ஏடுகளையும் அவரிடம் அளித்தார்.

இவ்வுண்மையைக் கானோ எண்ணால் விளக்குவார். எதிரியின் வலிமை பத்து, நம் வலிமை ஏழு என்க. அவன் தள்ளும்பொழுது நாமும் தள்ளினால் தோல்வி உறுதி. தள்ளும் திசையிலேயே நாம் விலகிக் கொடுத்தால் அவன் முன்னோக்கிச் சாய்வான். சாய்ந்தவனிடம் எஞ்சி நிற்கும் வலிமை மூன்றே. நம்முடைய ஏழோ அப்படியே இருக்கும். அதில் பாதியைச் செலவிட்டாலும் போதும். மற்கூடத்துத் தூசியினூடே கணக்கும் இயற்கை நூலும் புகுந்தமை இப்படித்தான்.

பயிற்சி முறையையும் அவர் செப்பம் செய்தார். எறிய அறிவதற்கு முன் ஊறின்றி விழ அறிதல் வேண்டும் என்பது முதற்பாடமாயிற்று. உடல் பாயைத் தொடும் கணத்தில் கையை நீட்டிப் பாயில் அறைந்தால் அதிர்ச்சி பரவித் தணியும். முகவாயை மார்போடு ஒட்டினால் தலை அடிபடாது. உயிருக்கு ஊறு செய்யும் அடிகளை அவர் கட்டற்ற பயிற்சியிலிருந்து நீக்கி, முறைப்படி செய்து காட்டும் அசைவு வரிசைகளுக்குள் மட்டும் நிறுத்தினார். ஆதலால் மாணாக்கர் முழு வலிமையுடன் மோதியும் மறுநாள் மீண்டும் வந்து பயில முடிந்தது. தேர்ச்சியைப் படிகளாக வகுத்ததும், தேர்ந்தவர் கருங்கச்சை அணிதலும் அவர் கூடத்திலிருந்தே பிற கலைகளுக்குப் பரவின.

நகரக் காவல்துறையினர் 1880களில் நடத்திய போட்டிகளில் பழைய மரபினரைக் கோடோக்கன் மாணாக்கர் வென்றபொழுது அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. 1889ஆம் ஆண்டில் கல்வி முறைகளை ஆராய ஐரோப்பா சென்ற அவர், திரும்பும் வழியில் கப்பலில் உருசிய நாட்டினர் ஒருவருடன் மற்போர் செய்ய நேர்ந்தது. அப்பெரிய உருவினரை எறிந்த கானோ, அவர் தலை கப்பல் தளத்தில் மோதாதவாறு தம் கையால் தாங்கிக் கொண்டார் என்பர். எறிந்ததைக் காட்டிலும் தாங்கியதைக் கண்டே சூழ நின்றோர் வியந்தனராம்.

கானோவின் வாழ்க்கைத் தொழில் ஆசிரியத் தொழிலே. உயர்தர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக 1893ஆம் ஆண்டு முதல் இடையிட்டு இடையிட்டு 1920 வரை அவர் பணியாற்றினார். சீன மாணவர்க்கென ஒரு பள்ளியும் நிறுவினார். பெரும் எழுத்தாளர் லூ சுன் 1902ஆம் ஆண்டில் அதில் சேர்ந்து பயின்றார். 1909ஆம் ஆண்டில் ஒலிம்பிக்குக் குழுவின் உறுப்பினரானார். ஆசியருள் அப்பதவி பெற்ற முதல்வர் அவரே. 1912ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த போட்டிக்கு ஜப்பானின் முதல் வீரர் இருவரை அழைத்துச் சென்றார்.

1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்குப் போட்டியை டோக்கியோவில் நடத்த அவர் அரிதின் முயன்றார். அதன்பொருட்டுக் கெய்ரோ நகரக் கூட்டத்திற்குச் சென்று, ‘ஹிக்காவா மாரு’ என்னும் கப்பலில் தாயகம் திரும்புகையில், 1938ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் நடுக்கடலில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தேழு. சீனத்தோடு மூண்ட போரினால் ஜப்பான் அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே அப்போட்டியைக் கைவிட்டது. 1964ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஒலிம்பிக்குப் போட்டி நடந்தபொழுது ஜூடோவும் அதில் இடம் பெற்றது.

கானோ மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தம் முதல் ஆசிரியராகிய ஃபுக்குதாவின் பேத்தியைச் சந்தித்தார். கெய்க்கோ என்னும் அப்பெண்ணின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பெண்கள் மற்கலை பயில்வது அருகியிருந்த அக்காலத்தில், அவரைத் தம் கூடத்துக்கு வருமாறு கானோ தாமே அழைத்தார். 1935ஆம் ஆண்டில் கெய்க்கோ அங்கே சேர்ந்தார்; பின்னாளில் அமெரிக்கா சென்று குடியேறி, தொண்ணூறு வயதைக் கடந்தும் கற்பித்து வந்தார். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் படியை வழங்கியது. அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவர். 2013ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானபொழுது வயது தொண்ணூற்றொன்பது.