தண்ணீர் தந்த மேயர்: தீரர் சத்தியமூர்த்தி

கோடை வந்துவிட்டால் நம் குடியிருப்பில் விடியற்காலையில் முதலில் கேட்பது குடங்களின் ஓசையே. பாலக்காட்டு நகர மக்கள் பருகும் நீரைத் தருவது மலம்புழை அணை. அவ்வணையை 1955ஆம் ஆண்டு திறந்து வைத்தவர் அந்நாளைச் சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் ஆவார். அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. காமராசர் தம் அரசியல் ஆசானாகப் போற்றியவரும் ஒரு நீர்த்தேக்கத்தின் வரலாற்றோடு பிணைந்தவரே. சென்னை மாநகரின் மேயராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்திதாம் அவர். அப்பெரியாரின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகிறோம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் குடும்பப் பொறுப்பு அவர் தோள்மீது வந்து விழுந்தது. எனினும் கல்வியை அவர் கைவிடவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார். தொழிலில் பொருள் சேர்ப்பதைவிட நாட்டுப்பணியே அவரை ஈர்த்தது. 1919ஆம் ஆண்டு காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்றார். 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார்.

அவருடைய பெருஞ்செல்வம் நாவன்மையே. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே சொல்மாரி பொழிய வல்லவர் அவர். 1928ஆம் ஆண்டு மகாகவி பாரதியாரின் பாடல்களை அரசு பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் எழுந்து நின்று அதனைக் கண்டித்தார். நாடகத்திலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு உண்டு. சுகுண விலாச சபையின் மேடையில் தாமே வேடமிட்டு நடித்தவர். நாட்டின் பொருட்டுப் பலமுறை சிறை புகுந்தார்.

பெரியோர் வாழ்வை எழுதுங்கால் குறைகளை மறைத்தல் முறையன்று. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்றபோது, சத்தியமூர்த்தி எதிரணியில் நின்றார். காலம் அம்மையாரின் பக்கமே நியாயம் என்று தீர்ப்பளித்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

1934ஆம் ஆண்டு மத்திய சட்டசபைத் தேர்தலில் அவர் சென்னை நகரத்தில் வென்று டில்லி சென்றார். அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக இருந்து ஆட்சியாளரைக் கேள்விக் கணைகளால் திணறடித்தார். 1937இல் மாகாணத் தேர்தல் வந்தது. தமக்கு உரியதென்று பலரும் எண்ணியிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை அவர் ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். கட்சி வென்றது, ராஜாஜி முதலமைச்சரானார், சத்தியமூர்த்திக்கோ அமைச்சரவையில் இடமில்லை. வேறொருவராயின் மனம் கசந்து ஒதுங்கியிருப்பர். அவர் ஒதுங்கவில்லை.

1939ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மன்றத்தினர் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தனர். அமெரிக்க நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். நிர்வாகமும் அவர் கையில் இருக்கும். அந்நாளில் சென்னை மேயரின் நிலை அத்தகையதாக இருக்கவில்லை. மன்றத்தினர் ஓராண்டுக்கென அவரைத் தேர்வு செய்தனர். செயலாட்சி அதிகாரமோ அரசு அமர்த்திய ஆணையரிடம் இருந்தது. ஆதலால் மேயர் ஆணையிட்டு ஒன்றைச் சாதிக்க இயலவில்லை. வாதாடியே சாதிக்க வேண்டியிருந்தது.

அந்நாளில் சென்னையின் முதற்குறை தண்ணீர். புழல் ஏரியை நம்பியிருந்த நகரில் மக்கள்தொகை ஆண்டுதோறும் பெருகியது. மழை பொய்த்த ஆண்டில் நகரமே தவித்தது. மறுபுறம், மழைக்காலத்தில் கொசத்தலையாற்றின் வெள்ளம் எண்ணூர் அருகே வீணாகக் கடலில் கலந்தது. திருவள்ளூரை அடுத்த பூண்டியில் அவ்வெள்ளத்தைத் தேக்கி, சோழவரம், புழல் ஏரிகளுக்குக் கொண்டு சேர்த்தால் நகரம் பிழைக்கும். இதனை நிறைவேற்றுவதையே சத்தியமூர்த்தி தம் ஓராண்டின் தலையாய கடமையாகக் கொண்டார்.

அக்காலச் சூழ்நிலையோ மிகக் கடினமானது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி துறந்திருந்தது. மாகாணம் ஆளுநரின் நேராட்சியில் இருந்தது. எந்த ஆட்சியைத் தம் கட்சி எதிர்த்ததோ, அந்த ஆட்சியிடமே ஊர்மக்களின் குடிநீருக்காக அவர் சென்று வாதாட வேண்டியிருந்தது. கொள்கையில் எதிர்த்தார், குடிநீருக்காக அணுகினார். இரண்டையும் ஒருங்கே செய்யும் நெஞ்சுரம் அவருக்கிருந்தது. போர்க்காலத்திலும் அரசு இசைந்தது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார்.

அதே 1940ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகக் காமராசர் தேர்வு பெற்றார். 1936இல் சத்தியமூர்த்தி தலைவராக இருந்தபோது செயலாளராக இருந்தவர் அவர். இப்போது ஆசான் சீடருக்குக் கீழே செயலாளராகப் பணியாற்ற இசைந்தார். பதவியினும் பணி பெரிது என்று கருதியவர்க்கே இது இயலும்.

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் அவர் கைதானார். தொலைதூரத்து அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்பயணத்தில் முதுகெலும்பில் ஏற்பட்ட துன்பம் நாளுக்கு நாள் முற்றியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், 55 வயதில், அவர் உயிர் நீத்தார். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் தான் திறக்கப்பட்டது. அந்நீரில் ஒரு குவளையேனும் பருகும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. இந்நாளில் அது சத்தியமூர்த்தி சாகர் என அவர் பெயரால் வழங்குகிறது. 1996இல் கிருஷ்ணா நதி நீர் சென்னைக்கு வந்தபோதும் அந்நீர்த்தேக்கத்தையே முதலில் வந்தடைந்தது.

இதனை எழுதும் நாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடுகளோடு காலம் கழிப்பவர். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் வாழ்க்கை நம்முடையது. நம் சங்க நிர்வாகிகளின் பொறுப்பும் ஓராண்டுக்கே. ஓராண்டில் என்ன செய்துவிட முடியும் என்று நம்மில் பலர் வாளாவிருந்துவிடுகிறோம். அதன் பயனைக் கண்கூடாகக் காண்கிறோம். பிள்ளைகளுக்கென மாலையில் நடந்துவந்த தமிழ் வகுப்பு, சொல்லிக்கொடுத்த அன்பர் மாற்றலாகிச் சென்றதும் நின்றுபோயிற்று. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிற் சிலர் பாட்டி எழுதும் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படித்துக் கேட்கின்றனர். நம் இல்லத்திலும் இதுவே நிலை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஓராண்டுப் பதவியில், அதிகாரமில்லாத நாற்காலியில் அமர்ந்து, தாம் பருகாத நீரைப் பிறர்க்குத் தந்தார் ஒருவர். நாமும் இவ்வாண்டு அத்தமிழ் வகுப்பையேனும் மீண்டும் தொடங்குவோமாக. அடுத்த உத்தரவு வந்து நாம் சென்றாலும், பின் வருவோர் அதனை நடத்துவர்.

வாழ்க தீரர் புகழ்!