டீசல் என்ற மனிதர்

பசறை வீதியில் ஏறும் பஸ்ஸும், கொழுந்து ஏற்றிச் செல்லும் தோட்டத்து லொறியும், பதுளையிலிருந்து புறப்படும் ரயிலும் டீசலில்தான் ஓடுகின்றன. எண்ணெயின் பெயராக நாம் அறிந்த டீசல், உண்மையில் ஒரு மனிதரின் பெயர். உயர்தர வகுப்பில் வெப்பவியல் படிக்கும்போதுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

ருடோல்ஃப் டீசல் 1858 இல் பரிஸ் நகரில் ஜேர்மன் பெற்றோருக்குப் பிறந்தார். 1870 இல் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் தனியே ஜேர்மனிக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அங்கு படித்துப் பின்னர் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று அங்கே கற்றது அவன் மனதை விட்டு அகலவில்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதை நாம் அறிவோம். காற்றை மிகப் பலமாக அமுக்கினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகத் தீப்பற்றும், தீப்பொறி தேவையில்லை. இதுவே டீசலின் வழி. 1893 இல் நடந்த முதற் சோதனையில் கருவி வெடித்தது. அவர் கைவிடவில்லை. 1897 இல் அவரது எஞ்சின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களால் அதில் பாதியைக்கூட எட்டுவது அரிதாக இருந்தது.

1900 இல் பரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. விவசாயி விளைவிக்கும் எண்ணெய்க்கும் எஞ்சினில் எதிர்காலம் உண்டு என டீசல் பின்னாளில் நம்பினார். 1913 செப்டெம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார். சில நாட்களின் பின் அவரது உடல் கடலில் கண்டெடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 55. கடன்சுமை அவரை அழுத்தியிருந்தது. டீசல் எஞ்சின் கார்களில் விற்பனைக்கு வந்த 1930களை அவர் காணவில்லை.

2022 இல் நம் நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டபோது பஸ்கள் குறைந்தன, பாடசாலைகள் மூடப்பட்டன. தோட்டத்திலிருந்து நகருக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு பஸ் இல்லையென்றால் படிப்பும் இல்லை. கப்பலில் வரும் எண்ணெயை மட்டும் நம்பியிருப்பதன் விலை அது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகமும் 2012 இல் அறிவித்தது.

தாவர எண்ணெய் மட்டும் இதற்கு விடையாகாது. உணவு விளையும் நிலத்தை எண்ணெய்க்குக் கொடுத்தால் வயிறு காயும். மின்சார வாகனம் நல்ல வழியாகத் தெரிகிறது. நம் மலைகளின் நீரிலிருந்தும் மின்சாரம் கிடைக்கிறதே. ஆனால் அந்த மின்சாரத்தை நிலக்கரியில் உற்பத்தி செய்தால் புகை இடம் மாறுமே தவிரக் குறையாது. ஆகவே எந்த எஞ்சின் வந்தாலும் டீசல் மாணவராக இருந்தபோது கேட்ட கேள்வியையே நாமும் கேட்க வேண்டும்: இதில் எவ்வளவு வீணாகிறது? அதோடு இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்: இதற்கான எரிபொருள் எங்கிருந்து வருகிறது?