சுனிதி சாலமன்: இந்தியாவில் முதல் எச்.ஐ.வி-யைக் கண்டறிந்த சென்னை டாக்டர்... அவர் கதை மதுரைக்காரருக்கும் ஏன் முக்கியம்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நம்பிக்கை மையம்னு ஒரு போர்டு இருக்கும். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகிறவர்கள்தான் அதிகம். இலவசமாக எச்.ஐ.வி பரிசோதனை செய்யும் இடம் அது. இப்படி ஒரு மையம் நம் ஊர்களில் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இந்த நோய் இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று ஆதாரத்தோடு காட்டியவர் ஒரு சென்னைப் பெண் மருத்துவர். அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் தொட்ட விஷயத்தை வாய்விட்டுப் பேச இன்னும் கூச்சப்படுகிறோம்.

யார் இந்த சுனிதி சாலமன்?

1930-களின் இறுதியில் சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த மராத்திய குடும்பத்தில் பிறந்தவர் சுனிதி கெய்டொண்டே. அந்த வீட்டில் ஒரே பெண் பிள்ளை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கேதான் இதய அறுவை சிகிச்சை நிபுணர் விக்டர் சாலமனைச் சந்தித்து, திருமணம் செய்துகொண்டார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சில ஆண்டுகள் வேலை பார்த்த தம்பதி, 1973-ல் சென்னைக்குத் திரும்பினார்கள். சுனிதி மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியரானார்.

1986-ல் என்ன நடந்தது?

எய்ட்ஸ் பற்றி உலகம் முதன்முதலில் கேள்விப்பட்டது 1981-ல், அமெரிக்காவில். அது வெளிநாட்டுக்காரர்களுக்கு வரும் வியாதி, நம்ம கலாசாரத்தில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் அப்போது இங்கே பொதுவான நினைப்பு.

சுனிதிக்கு அந்த நம்பிக்கை போதவில்லை. சோதித்துப் பார்க்காமல் இல்லை என்று எப்படிச் சொல்வது? தன் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். நிர்மலா, பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த விஜிலென்ஸ் ஹோமுக்குப் போய் ரத்த மாதிரி எடுத்தார். கையுறை கிடையாது, பாதுகாப்பு உடை கிடையாது. மாதிரிகளை வைக்க வசதியில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதிக்க வழியில்லாததால் ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சி.எம்.சி-க்குக் கொண்டுபோனார்கள். அங்கே வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் குழுவினர் உதவியோடு சோதித்தபோது, ஆறு பேருக்கு பாசிட்டிவ்.

அமெரிக்காவில் மறுபடி சோதித்தும் அதே முடிவு. அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே அதிர்ந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தி 13 வயதுச் சிறுமி. கடத்தப்பட்டு இந்தத் தொழிலில் தள்ளப்பட்டவள். அவளைத் தன்னால் மறக்க முடியவில்லை என்று சுனிதி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கண்டுபிடித்ததோடு முடிந்ததா?

இல்லை, அதன்பிறகுதான் பெரிய வேலையே தொடங்கியது. எச்.ஐ.வி என்றாலே மருத்துவமனைகளில் கட்டில் மறுத்த காலம் அது. 1993-ல் அரசு வேலையை விட்டு வெளியே வந்தார். தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். பரிசோதனை, கவுன்சலிங், சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. வெளியூர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள்.

அங்கே வந்த பெண்களைப் பார்த்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தலைவிகள். கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். ஒழுக்கமாக இருந்தால் வராது என்ற பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்பதை அவரது மையத்தின் ஆய்வுகள் காட்டின. மனைவி ஒழுக்கமாக இருந்தால் மட்டும் போதாது, கணவருக்குத் தொற்று இருந்து ஆணுறை போடாவிட்டால் அவருக்கும் வரும்.

ஆணுறையில் என்ன சிக்கல்?

1968-ல் நிரோத் வந்தபோது அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கான பொருள். அதனால், ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி எதுக்கு ஆணுறை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழமாகப் பதிந்துவிட்டது. கருத்தடை ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. 2000-களில் புள்ளிராஜா விளம்பரம் ஊர் ஊராகப் பேசப்பட்டதே, அது உடைக்கப் பார்த்ததும் இந்தக் கூச்சத்தைத்தான்.

வாங்கினால் மட்டும் போதாது, சரியாகப் போடவும் தெரியணும்:

* பாக்கெட்டில் காலாவதி தேதி பாருங்கள். பர்ஸில், பைக் பெட்டியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மதுரை வெயிலுக்கு ரப்பர் கெட்டுப்போகும்.
* பல்லாலோ கத்தரியாலோ கிழிக்க வேண்டாம், கையால் ஓரமாகப் பிரியுங்கள்.
* உறவு தொடங்கும் முன்பே, விறைப்பு வந்தபின் போட வேண்டும். பாதியில் போடுவது பாதுகாப்பு இல்லை.
* நுனியை விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, அடிவரை உருட்டி இறக்குங்கள். தலைகீழாக வைத்துவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுங்கள்.
* தேங்காய் எண்ணெய், வாஸ்லின் தடவவே கூடாது. லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலவீனமாகிக் கிழியும். தண்ணீர் சார்ந்த ஜெல் போதும்.
* விந்து வெளியான உடனே, விறைப்பு குறையும் முன், அடிப்பாகத்தைப் பிடித்தபடி வெளியே எடுங்கள்.
* ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தணும். இரண்டை ஒன்றாகப் போட்டால் உரசிக் கிழியும். முடிந்ததும் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், கழிவறையில் வேண்டாம்.

கடைசிக் காலம்

எச்.ஐ.வி இருப்பவர்களுக்கும் துணை வேண்டும் என்று நினைத்த சுனிதி, பாசிட்டிவ் ஆனவர்களுக்குள் வரன் பார்த்தும் கொடுத்தார். அவரது மையமும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2011-ல் வந்தது. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குத் தொற்று போவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. அந்த ஆய்விலும் எல்லா தம்பதிகளுக்கும் ஆணுறையும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டன.

2015 ஜூலை 28 அன்று, 76 வயதில், கணையப் புற்றுநோயால் சென்னையில் காலமானார். 2017-ல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மதுரையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பாசிட்டிவ் என்றால் ராஜாஜி மருத்துவமனை ஏ.ஆர்.டி மையத்தில் கூட்டு மருந்தும் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியே சொல்வது 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி சட்டப்படி தவறு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

அன்று காப்பகத்தில் ரத்தம் கொடுத்த அந்தச் சிறுமிக்கு இப்படிக் கேட்க ஓர் எண்ணும் இல்லை, மருந்தும் இல்லை. இன்று நமக்கு இரண்டுமே இருக்கின்றன.