புழுக்களின் தோழி மரியா சிபில்லா மேரியன்

கறிவேப்பிலைச் செடியில் பெயர் தெரியாத புழு ஒன்றைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? அலறுகிறோம், இல்லையேல் துடைப்பத்தைத் தேடுகிறோம். 1660-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, புழுக்களைப் பெட்டியில் இட்டு, இலை கொடுத்து வளர்த்தாள். அவரே மரியா சிபில்லா மேரியன் அம்மையார்.

1647 ஏப்ரல் 2-ஆம் நாள் பிராங்க்பர்ட் நகரில் மரியா பிறந்தார். தந்தை புகழ்பெற்ற செதுக்கோவியர். மூன்று வயதிலேயே மரியா அவரை இழந்தார். தாயின் இரண்டாம் கணவரான மலரோவியர் ஜேக்கப் மாரெல் சிறுமிக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. மரியா முதலில் பட்டுப்புழுக்களை வளர்த்தார். பிறகு தோட்டத்துப் புழுக்களையும் கொண்டு வந்தார். எந்தச் செடியில் புழு கிடைத்ததோ அச்செடியின் இலையையே நாள்தோறும் ஊட்டினார். அது தோலுரிப்பதையும், கூடு கட்டுவதையும், சிறகோடு வெளிவருவதையும் காத்திருந்து வரைந்தார். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சிறு ஈக்கள் வந்தன. அதையும் மறைக்காமல் குறித்து வைத்தார்.

திருமணத்திற்குப்பின் நூரெம்பர்க் நகரில் பெண்களுக்கு ஓவியமும் பூவேலையும் கற்பித்தவாறே, 1679-இல் ஐம்பது படங்களுடன் தம் முதல் புழு நூலை வெளியிட்டார். புழுவும், கூடும், பூச்சியும், உணவுச் செடியும் ஒரே படத்தில் அமைந்தன. புழுவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உருவில் ஒற்றுமை இல்லை அல்லவா? இரண்டும் ஓருயிரே என்பதை அப்படங்கள் எவருக்கும் விளங்க வைத்தன.

குடும்ப வாழ்வில் துன்பம் நேர்ந்தது. கணவரைப் பிரிந்து, தாயுடனும் இரு புதல்வியருடனும் ஹாலந்து நாட்டில் ஒரு பக்திச் சமூகத்தில் சில ஆண்டுகள் தங்கினார். பின்பு 1691-இல் ஆம்ஸ்டர்டாம் சென்று உழைத்து வாழ்ந்தார். 1699-இல், தமது 52-ஆம் வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள் திரட்டி, இளைய மகள் டொரோத்தியாவுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே காட்டில் வழி வெட்டியவர்களும் பூச்சிகளைக் கொணர்ந்தவர்களும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களும் அந்நாட்டுப் பழங்குடியினருமே. அவர்கள் பெயர்கள் அவரது நூலில் இடம்பெறவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

நோயுற்று 1701-இல் திரும்பிய அம்மையார், 1705-இல் அறுபது படங்கள் கொண்ட சூரினாம் நூலை வெளியிட்டார். அதில் பிழைகளும் உண்டு. விளக்குப்பூச்சி இரவில் ஒளி விடும் என்று எழுதினார். அது ஒளி விடுவதில்லை. ஆயினும் பிற்காலத்தில் உயிர்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் அவருடைய படங்களைத் துணைக்கொண்டார். 1717 ஜனவரி 13-ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

அன்புத் தோழியரே! இறைவனின் கைவண்ணத்தை அவர் சின்னஞ்சிறு புழுவிலும் கண்டார். நாமும் புதிய பூச்சியைக் கண்டால் நசுக்க விரையாமல், எச்செடியில் இருக்கிறது, எதைத் தின்கிறது என்று பார்ப்போம். வெறுங்கையால் தொடாது, இலையோடு எடுத்து வைத்துக் காத்திருப்போம். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழு, சில வாரங்களில் அழகிய வண்ணத்துப்பூச்சியாகி நம் சன்னல் வழியே பறந்து செல்லும். அப்போது அதன் பெயரை அறிவது எளிதாகும்.