நாடிழந்தும் நாட்டியம் வளர்த்த சரபோஜி மன்னர்

சத்ரபதி சிவாஜியின் இளமைக்கால நினைவாக விளங்கும் லால் மஹாலைப் புனே வாழ் தமிழர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நம் தஞ்சையில் வேரூன்றியது. சிவாஜியின் தந்தை ஷாஹாஜிக்கு மற்றொரு மனைவியிடம் பிறந்த ஏகோஜி, 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் போன்ஸ்லே ஆட்சியை நிறுவினார். அந்த மரபில் புகழ் பெற்றவர் இரண்டாம் சரபோஜி.

1777-ல் பிறந்த சரபோஜியைத் துளஜா மன்னர் 1787-ல் தத்து எடுத்தார். அதே ஆண்டில் மன்னர் காலமானார். தத்து செல்லாது என்று சொல்லப்பட்டு, சிற்றப்பன் முறையான அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவனுக்குக் காவலாக நின்றவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஆங்கிலக் கல்வியும் பெற்றார் சரபோஜி.

1798-ல் அரியணை கிடைத்தது. மறு ஆண்டே ஆட்சி போயிற்று. 1799 உடன்படிக்கைப்படி ராஜ்யத்தைக் கும்பெனியார் எடுத்துக் கொண்டனர். கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும், ஆண்டுதோறும் ஒரு தொகையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே மன்னருக்கு மிஞ்சின.

வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்திருப்பார். சரபோஜியோ சரஸ்வதி மகாலில் சுவடிகளைக் குவித்தார். 1805-ல் தேவநாகரி அச்சுக்கூடம் நிறுவினார். அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியும் முழங்கியது.

நாட்டியத்துக்கு அவர் செய்த தொண்டு தனிச் சிறப்புடையது. சதிர்க் கச்சேரிக்கென்று மராத்தியில் நிரூபணங்கள் என்ற உருப்படிகளை இயற்றினார். ஒரு கதையை எடுத்துக் கொண்டு, சொற்கட்டு, சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று பல உருப்படிகளாகக் கோத்து, அனைத்தையும் ஒரே ராகம், ஒரே தாளத்தில் அமைத்தது இவற்றின் புதுமை. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளிலும், லூட் என்னும் நரம்பு வாத்தியத்தில் மெதுவான நடனத்தையும் துள்ளலான நடனத்தையும் ஜோடியாக, சில சமயம் ஒரே மெட்டில் இசைப்பது வழக்கம். சரபோஜியோ ஒரு முழுக் கச்சேரியையே ஒரே ராகத்தில் கட்டினார்.

அவர் பெயரில் வழங்கும் மராத்தி நூலான தேவேந்திர குறவஞ்சியில், குறத்தி குறி சொல்வதோடு நிற்காமல் உலக பூகோளத்தையும் சொல்கிறாள். தமிழில் அவர்மீது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடியவர் சிவக்கொழுந்து தேசிகர்.

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வரும் இந்தச் சூழலில் வளர்ந்தவர்களே. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதநாட்டியக் கச்சேரி முறை அவர்கள் வகுத்தது. சரபோஜி 1832-ல் மறைந்தார். ஆண் வாரிசு இல்லையென்று 1855-ல் கும்பெனி தஞ்சை அரசையே முடித்து வைத்தது. கச்சேரி முறை மட்டும் அழியவில்லை.

மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மன்னர் தமிழ் மண்ணில் வாழ்ந்து, தம் மொழியையும் விடாமல், அந்த மண்ணின் கலையையும் தம்முடையதாக்கிக் கொண்டார். பிழைப்புக்காக மராட்டிய மண்ணுக்கு வந்திருக்கும் நமக்கு இதில் படிப்பினை உண்டு. நம் வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு அண்டை வீட்டு மராத்தியர் வந்தால், சரபோஜியின் கதையை அவருக்குச் சொல்லலாம். அந்தக் கலையில் அவருக்கும் பங்கு உண்டு.