காமராஜர் போட்ட கரண்ட் கணக்கு

ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டு, இன்டர்நெட் இல்லாமலே ஏஐ மாடல் ஓட்டுற கம்ப்யூட்டர் கட்டணும்னு நம்மில் பல பேருக்கு ஆசை. 24 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3090 இரண்டு போட்டால் 48 ஜிபி. 70 பில்லியன் அளவுள்ள மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் அதில் அடங்கிவிடும். சிக்கல் மெமரியில் இல்லை, சுவரில் இருக்கிற பிளக்கில். இருக்கிற கரண்டை வைத்து எதை ஓட்டுவது என்ற இதே கேள்வியை ஒரு மாநில அளவில் சந்தித்தவர் நம்ம ஊர்க்காரர்தான்.

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்தார் காமராஜர். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி அம்மாள். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் அலிப்பூர் சிறை, பிறகு சிறை மேல் சிறை. இதெல்லாம் நீங்க பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படிச்சிருப்பீங்க. மதிய உணவுத் திட்டமும் தெரியும். அவருடைய மின்சாரக் கதையைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை.

1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சரானபோது மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் பைக்காரா, மேட்டூர், பாபநாசம் என்று தண்ணீரை நம்பியே இருந்தது. மழை பொய்த்தால் கரண்டும் பொய்க்கும். நிலக்கரியோ வடக்கிலிருந்து வர வேண்டும். கேட்பவர்களோ அதிகம்: கிணற்று பம்ப்செட், மில், புதிய தொழிற்பேட்டை. சிவகாசியை எடுத்துக்கோங்க. பட்டாசு ஷெட்டில் ஒரு தீப்பொறி போதும், கரண்ட் அங்கே பகை. பகல் வெளிச்சத்தில் கையால்தான் வேலை. பக்கத்துத் தெரு அச்சகத்துக்கு அதே கரண்ட்தான் உயிர்.

அவர் ஆட்சி ஒரே இடத்தில் பணத்தைக் கொட்டவில்லை. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. 1958-இல் பெரியாறு மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. நீலகிரியில் கனடா உதவியோடு குந்தா. மழையை நம்பாத மின்சாரத்துக்கு நெய்வேலி. 1957-இல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார், 1962-இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. தொழில், மின்சாரத் துறைகளை ஆர். வெங்கட்ராமன் பார்த்துக்கொண்டார். பம்ப்செட் இணைப்பில் மெட்ராஸ் மாநிலம் நாட்டிலேயே முன்னணிக்கு வந்தது. நல்ல மழை வருஷத்தை வைத்துக் கணக்குப் போடாமல், வறண்ட வருஷத்தை வைத்துப் போட்டதுதான் இதில் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

குந்தாவை நம்ம ஆட்கள் கண்டிப்பாகப் பார்க்கணும். மேல் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிய தண்ணீரே கீழே அடுத்த நிலையத்திலும் சுற்றுகிறது. மாடலின் அடுக்குகளை ரெண்டு கார்டுக்குப் பிரித்து வைப்பதும் கிட்டத்தட்ட இதுதான்: முதல் கார்டு முடித்ததை இரண்டாவது தொடரும். ஒரு வித்தியாசம், தண்ணீர் நிற்காமல் வரும். ஒரே ஆள் கேள்வி கேட்கும்போது கார்டுகள் மாறி மாறித்தான் வேலை செய்யும். அதை நம்பி சின்ன பவர் சப்ளை வாங்கிடாதீங்க. வேறு முறையில் பிரித்தால் ரெண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்கும்.

கார்டுக்கு 350 வாட், மற்றவற்றுக்கு 200 என்றால் 900. பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுவரில் 1000 வாட். 230 வோல்ட்டில் அது 4.3 ஆம்பியர்தான். சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 5.6. சாதாரண பிளக் தாங்குவது 6. அதே லைனில் பக்கத்து ரூமில் கெட்டில் போட்டால் கதை முடிஞ்சது. கார்டுகளை 250 வாட்டுக்குக் கட்டுப்படுத்துங்க. 180 வோல்ட்டிலும் 4.3 ஆம்பியர்தான் வரும். பதில் எழுதும் வேகம் பெரும்பாலும் மெமரி வேகத்தைப் பொறுத்தது என்பதால், வாட் குறைந்த அளவுக்கு வேகம் குறையாது. வார்டன் அனுமதி தனிக் கதை.

காமராஜர் 1957, 1962 தேர்தல்களில் நம்ம சாத்தூரில் நின்று ஜெயித்தார். 1963 அக்டோபர் 2 அன்று, கட்சி வேலைக்காகப் பதவியைத் தானே விட்டார். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றபோது, மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். இணைப்பு கொடுத்த ஊர்கள் எத்தனையோ, சொந்த ஊர் கைவிட்டது. 1975 அக்டோபர் 2 அன்று சென்னையில் காலமானார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடும் அவர் கட்டவில்லை. விருதுநகரில் நாம போய்ப் பார்க்கிறது பரம்பரை வீடு.